சோறிட்ட வீட்டின் வாசல்: மிசோ மலைகளில் ஒரு சொல்லின் வழக்கு

1912-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு மருத்துவ மறைப்பணியாளர் பீட்டர் பிரேசர் லுஷாய் மலைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இன்று மிசோரம் என்று நாம் அறியும் அந்த மலைநாட்டில் அவர் நான்கு ஆண்டுகள்கூட முழுமையாகப் பணியாற்றவில்லை. வெளியேற்றத்துக்குக் காரணம் மருத்துவத்தில் பிழையோ மதமாற்றத்தில் வன்முறையோ அன்று. மிசோ மொழியில் வழங்கிய ஒரு சொல்லுக்கு 'அடிமை' என்பதே பொருள் என்று அவர் வலியுறுத்தினார். அது ஆதரவற்றோர்க்குக் கிடைக்கும் புகலிடத்தின் பெயர் என்றது மாவட்ட நிர்வாகம். சொல்லின் பொருளை ஒட்டி எழுந்த இவ்வழக்கு ஐசாலில் தொடங்கி இலண்டன் நாடாளுமன்றம்வரை சென்றது.

கிறித்தவமும் பழங்குடி மரபும் அறப்பணியும் சந்தித்த வரலாற்றை நாம் வழக்கமாக இரண்டு கதைகளில் ஒன்றாகவே சொல்கிறோம். மறைப்பணியாளர் வந்து இருளை அகற்றினார் என்பது ஒன்று. வந்து மரபை அழித்தார் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத நிகழ்வு இது. அறம் என்பதன் அளவுகோல் எது என்னும் கேள்வியை இது நம்முன் வைக்கிறது.

முதலில் அந்தச் சொல். பழைய ஆங்கில ஆவணங்களில் அது ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்களில் வருகிறது. தமிழில் எப்படி எழுதினாலும் வேறொரு தமிழ்ச் சொல்லோடு மயங்கும். ஆகவே 'போயி' என்று எழுதுகிறேன். முதலெழுத்தை ஒலிப்புடைய பகரமாக, 'பாரதி' என்பதில் வருவதுபோல, வாசித்துக்கொள்க.

மிசோ ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன் இருந்தான். அவன் வீடு 'இன்புய்', அதாவது பெரிய வீடு எனப்பட்டது. அவ்வீட்டை அண்டியோர் மூவகைப்பட்டனர். பசியாலோ கைம்மையாலோ பெற்றோரை இழந்தமையாலோ வாழ வழியின்றித் தலைவன் வீட்டுக்குள் வந்து சேர்ந்தவர் 'இன்புய்சுங் போயி'. பெரிய வீட்டுக்குள் இருக்கும் போயி என்பது பொருள். கொலை முதலிய குற்றம் செய்து, பழிவாங்க வருவோரிடமிருந்து தப்பத் தலைவன் வீட்டில் தஞ்சம் புகுந்தவர் 'செம்சென் போயி'. செம்சென் என்றால் சிவந்த கத்தி. போரில் தம் பக்கத்தைக் கைவிட்டு வென்றவன் பக்கம் சேர்ந்தவர் 'துக்லுத் போயி'. போரில் சிறைபிடிக்கப்பட்டவர் இம்மூவரிலும் சேரார். அவர்களுக்குச் 'சால்' என்ற தனிப்பெயர் உண்டு. சிறைபிடித்தவனின் உடைமையாகவே சால் கருதப்பட்டார்.

பிறமொழியார் ஒரே சொல்லால் மூடிவிடக்கூடிய நிலைகளை மிசோ மொழி இவ்வாறு பிரித்தே பெயரிட்டிருந்தது என்பது மொழியியல் பயின்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. லுஷாய் மலைகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் ஷேக்ஸ்பியர், 1912-இல் வெளிவந்த தம் இனவரைவியல் நூலில், போயிகளை அடிமைகள் என்பது பொருந்தாது என்று வாதிட இந்த வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்டார்.

ஆனால் பெயர்கள் தனித்தனி என்பதாலேயே வாழ்வும் தனித்தனி என்று ஆகிவிடாது. இன்புய்சுங் போயிக்குத் தலைவன் சோறிட்டான், கூரை தந்தான், நோயில் பேணினான், திருமணமும் செய்துவைத்தான். பதிலுக்கு அவர் தலைவனின் வயலிலும் வீட்டிலும் உழைத்தார். அவருடைய மகளுக்கு வரும் மணவிலை தலைவனைச் சேர்ந்தது. பிள்ளைகளும் போயிகளே ஆயினர். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காலம் என்பதில் ஊருக்கு ஊர் விதி மாறுபட்டது. விடுதலை வேண்டுமானால் ஒரு மிதுன் மாடோ அதற்கு ஈடான 40 ரூபாயோ கொடுக்க வேண்டும். சோறில்லாமல் வந்தவரால் மிதுனுக்கு எங்கே போக முடியும்?

இப்படியொரு ஏற்பாடு ஏன் தோன்றியது என்பதற்கு அந்த மலையின் மூங்கில் காடுகளைப் பார்க்க வேண்டும். அங்கே நிறைந்திருக்கும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. அந்தக் காய்களைத் தின்று எலிகள் பெருகுகின்றன. காய் தீர்ந்ததும் அவை நெல்வயல்களில் இறங்குகின்றன. காட்டை வெட்டி எரித்து ஆண்டுக்கு ஒருமுறை விளைவிக்கும் மக்களுக்கு ஓர் அறுவடை போனால் ஓராண்டுச் சோறு போயிற்று. இதன் பெயர் 'மௌதாம்', மூங்கிலின் சாவு. மற்றொரு வகை மூங்கில் பூப்பதால் வரும் பஞ்சம் 'திங்தாம்'. 1881-இல் திங்தாம், 1911-இல் மௌதாம், 1929-இல் திங்தாம், 1959-இல் மௌதாம் என வரலாற்றில் இவை அடுத்தடுத்து வந்துள்ளன. பஞ்சக் காலத்தில் ஊரில் நெல் மிஞ்சியிருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் தலைவனின் களஞ்சியந்தான். போயி முறை அந்தக் களஞ்சியத்தின் கதவாக இருந்தது.

கொடை பற்றிய மிசோ மரபு இந்த ஒரு முறையோடு முடிந்துவிடவில்லை. செல்வர் ஒருவர் வரிசையாகப் பெருவிருந்துகள் வைத்து ஊருக்கெல்லாம் இறைச்சியும் மதுவும் வழங்கினால் 'தாங்சுவா' என்ற உயர்நிலை பெறுவார். இறந்தபின் 'பியால்ரால்' என்னும் இன்ப உலகை அடைவார். அங்கே உழைக்காமலே, உமி நீக்கிய அரிசி கிடைக்கும். விருந்து வைக்க வகையற்றவரும் வேட்டையில் சிறக்காதவரும் சாதாரண மாண்டோர் ஊருக்கே போவர். கொடுப்பவருக்குப் புகழும் மறுமையும் தந்த இந்த மரபு, கொடுக்க இயலாதவருக்கு மறுமையிலும் ஏழ்மையையே வைத்திருந்தது.

இதற்கு அருகே மற்றொரு விழுமியமும் இருந்தது. அதன் பெயர் 'த்லோம்ஙாய்னா'. தன் வசதியைப் பாராமல், கேட்குமுன்பே, பிறருக்கு உதவ முந்தும் குணம் என்று இதை விரித்துச் சொல்லலாம். ஒற்றைச் சொல்லில் மொழிபெயர்க்க முயன்றோர் எவரும் நிறைவடைந்ததில்லை. வழியில் நோயுற்றவனைச் சுமந்துவருவதும், இறந்தவருக்குக் குழி வெட்டுவதும், கைம்பெண்ணின் வீட்டைக் கட்டித் தருவதும் இதில் அடங்கும். இளைஞர் கூடித் தங்கும் 'சால்புக்' என்னும் பொதுவீடு இதற்கான பயிற்சிக்களம். இவ்வுதவிக்கு விலை கிடையாது. பெற்றவர் யாருக்கும் போயி ஆவதும் இல்லை.

ஆக, மறைப்பணியாளர் வருமுன்பே அந்த மலையில் மூவகை உதவி இருந்தது: பெற்றவரைக் கட்டிப்போடும் உதவி, கொடுத்தவரை உயர்த்தும் உதவி, இருவரையும் கட்டாத உதவி.

லுஷாய் மலைகள் 1890-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வந்தன. லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு ஆங்கிலேயர் 1894 சனவரியில் வந்து, மிசோ மொழிக்கு உரோமன் எழுத்துமுறை அமைத்து, 1898-இல் இலக்கணமும் அகராதியும் வெளியிட்டனர். கடவுளைக் குறிக்க அவர்கள் புதுச்சொல் படைக்கவில்லை. மிசோக்கள் முன்பே அறிந்திருந்த 'பாத்தியான்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டனர். 1897-இல் வேல்ஸ் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் டி. ஈ. ஜோன்ஸ் ஐசாலுக்கு வந்தார். பிரேசர் வந்தது 1908 இறுதியில்.

நோய்க்குக் காரணமான ஆவிகளைத் தணிக்கப் பன்றியும் கோழியும் பலியிட்டு இளைத்துப்போன குடும்பங்கள் மருந்து தேடி அவரிடம் வந்தன. வந்தவர்களில் போயிகளும் இருந்தனர். முதலில் மீட்புப் பணம் கொடுத்துச் சிலரை விடுவிக்க முயன்றார். பணம் கொடுத்து மீட்பதே அந்த உரிமையை ஒப்புக்கொள்வதாகும் அன்றோ? ஆகவே விரைவிலேயே முறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றார். கிறித்தவம் தழுவிய கௌவெல்தாங்கா என்ற தலைவர் தம் போயிகளைத் தாமே விடுவித்தார். ஒரு மிசோத் தலைவர் கண்ட முடிவு இது என்பதால், இதை அயலார் புகுத்திய கருத்து என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

பிரேசரின் வாதம் எளியது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டப்படி இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி எல்லைக்குள் அடிமைநிலைக்குச் சட்ட ஏற்பு இல்லை. ஒருவர் விலை கொடுக்காமல் வெளியேற முடியாது, அவர் பிள்ளைகளுக்கும் அந்நிலை தொடரும் என்றால், அதற்கு வேறென்ன பெயர்? அத்தகைய ஒருவரைத் தலைவனிடம் திரும்ப அனுப்பும் அதிகாரி சட்டத்தை மீறுகிறார் என்பது அவர் கட்சி.

கண்காணிப்பாளர் கோல் முன்வைத்த வாதமும் வெறும் சூழ்ச்சி அன்று. இந்த மலையில் ஏழையர் இல்லம் இல்லை. அனாதை இல்லம் இல்லை. போயி முறையை எடுத்துவிட்டால் அடுத்த பஞ்சத்தில் கைம்பெண்ணுக்குச் சோறிடுவது யார்? சந்தையில் போயியை விற்பதில்லை. கொடுமைப்படுத்தும் தலைவனை விட்டு வேறொரு தலைவனிடம் போக வழக்கம் இடந்தருகிறது. மீட்புப் பணம் தலைவன் செலவிட்டதற்கான ஈடு. வேல்ஸ் திருச்சபையின் மூத்த பணியாளரான ஜோன்ஸும் ஏறத்தாழ இக்கருத்தையே கொண்டிருந்தார். ஒரே சபையைச் சேர்ந்த இருவர், ஒரே வேதநூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே சொல்லை இருவேறாகப் பொருள்கொண்டனர். 'மறைப்பணியின் நிலைப்பாடு' என்று ஒருமையில் எழுதுவோர் இதை நினைவில் வைப்பது நன்று.

நிர்வாகத்தின் வாதத்துக்குப் பின்னால் சொல்லப்படாத கணக்கும் இருந்தது. சில அதிகாரிகளை வைத்துக்கொண்டு பரந்த மலைநாட்டை ஆளத் தலைவர்களே துணை. வரி திரட்டுவதும் சுமைகூலிக்கு ஆள் திரட்டுவதும் அவர்கள் வழியே நடந்தன. போயிகளை இழந்த தலைவன் உழைப்பையும் மதிப்பையும் இழப்பான். அவன் தளர்ந்தால் ஆட்சியின் செலவு கூடும். ஏழையின் புகலிடம் என்று காக்கப்பட்டது ஒருவகையில் அரசின் சிக்கனமும் ஆகும்.

வழக்கு உச்சத்தில் இருந்தபோதே 1911-இல் மௌதாம் வந்தது. மூங்கில் பூத்தது, எலிகள் வந்தன, வயல் அழிந்தது. அரசு வெளியிலிருந்து அரிசி தருவித்துக் கடனாக வழங்கியது. எந்தப் பசி போயிகளை உருவாக்கியதோ அதே பசி மீண்டும் மலையெங்கும் பரவிய காலத்தில்தான், அச்சொல்லின் பொருள் என்ன என்ற கடிதப் போக்குவரத்து ஐசாலுக்கும் ஷில்லாங்குக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. இனி இதில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழியைப் பிரேசர் தர மறுத்தார். மலையை விட்டு வெளியேறினார். தாயகம் சென்று 1913-இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் நிலவும் அடிமைமுறை பற்றி நூலே வெளியிட்டார். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அரசு அடிமைமுறை என்ற பெயரை ஏற்கவில்லை. ஆயினும் விதிகளைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1920-களின் இறுதிக்குள் போயி முறை முடிவுக்கு வந்தது. தலைவர்களின் பரம்பரை உரிமையோ விடுதலை பெற்ற இந்தியாவில், 1954-இல் இயற்றிய சட்டத்தால்தான் நீங்கியது.

இருதரப்பாரும் ஒரு சொல்லுக்கு ஈடாக வேறொரு சொல்லைத் தேடினர். 'அடிமை' என்று பெயர்த்தால் அமெரிக்கத் தோட்டங்களின் சாட்டையும் ஏலமும் அச்சொல்லோடு சேர்ந்து வருகின்றன. போயியின் வாழ்வில் அவை இல்லை. 'புகலடைந்தவர்' என்று பெயர்த்தால் பரம்பரைக் கட்டும் மீட்பு விலையும் மறைந்துபோகின்றன, அவை இருந்தன. தமிழில் எழுதும் நமக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'அடிமை' என்ற சொல்லைப் பக்திமரபு பெருமையாகவும் சட்டம் இழிவாகவும் ஆண்டிருக்கிறது. எந்தப் பொருளில் அதைப் போயியின் மேல் வைக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மிசோ கிறித்தவ வழக்கிலும் இதையொத்த இரட்டைநிலை உருவாயிற்று. பாவத்துக்கு அடிமையான மனிதனைச் சொல்ல அவர்கள் எடுத்தாண்டது இந்தப் போயி என்ற சொல்லையே. கட்டுண்ட நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் அம்மொழியினருக்குத் தோன்றவில்லை என்பது, அச்சொல்லின் பொருள் பற்றிய வழக்கில் யாரும் அழைக்காத சாட்சி.

எனவே பெயரை விடுத்து அமைப்பைப் பார்ப்பதே தகும். புகலிடம் ஒவ்வொன்றுக்கும் இருவகை விதிகள் உண்டு: உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. போயி முறையில் உள்ளே வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. பசி ஒன்றே போதும். வெளியே போவதற்கு ஒரு மிதுன் வேண்டும். நிர்வாகம் நுழைவதைப் பற்றியே பேசியது. பிரேசர் வெளியேறுவதைப் பற்றியே பேசினார். இருவரும் சொன்னவை உண்மைகளே. ஆனால் உதவியை உதவியாகவே நிலைநிறுத்துவது வெளியேறும் உரிமைதான். அவ்வுரிமை இல்லாத இடத்தில், உள்ளே கிடைக்கும் சோறு எத்தனை நிறைவாயினும், அது முன்பணமாகிவிடுகிறது. இந்த அளவில் பிரேசர் பக்கமே நான் நிற்கிறேன்.

ஆயினும் கோல் எழுப்பிய கேள்விக்குப் பிரேசரிடம் முழு விடை இல்லை: அடுத்த பஞ்சத்தில் சோறிடுவது யார்? அதற்கான விடையின் ஒரு பகுதி கடிதக் கட்டுகளில் உருவாகவில்லை, மிசோ அடுக்களைகளில் உருவாயிற்று. 1910-இல், வழக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், திருச்சபைப் பெண்கள் 'புஃபை தாம்' என்ற வழக்கத்தைத் தொடங்கினர். கைப்பிடி அரிசி என்பது பொருள். ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவது. வாரந்தோறும் அதைத் திரட்டி விற்றுச் சபைப்பணிக்கு அளிப்பது. வீட்டில் பணம் இல்லாதிருக்கலாம். உலை வைக்கிற வீட்டில் ஒரு பிடி அரிசி இருக்கும். ஒரு நூற்றாண்டைக் கடந்தும் இவ்வழக்கம் தொடர்கிறது. மிசோ திருச்சபைகள் வெளிநிதியைச் சாராமல் நிற்பதற்கு இது பெரிதும் காரணமாயிற்று.

இந்த ஒரு பிடியில் மூன்று மரபுகள் மாற்றம் பெறுகின்றன. களஞ்சியம் தலைவன் வீட்டிலிருந்து பொதுவுக்குப் பெயர்கிறது. அதிலிருந்து பெறுபவர் தனியொருவருக்குக் கடன்பட்டவர் ஆகார். பெருவிருந்து வைப்பவருக்கே உரியதாயிருந்த கொடையாளி என்ற பெயர், கைம்பெண்ணுக்கும் முன்னாள் போயிக்கும் கிட்டுகிறது. கேளாமலே கொடுக்கும் த்லோம்ஙாய்னா, சால்புக்கின் இளைஞர் உலகிலிருந்து பெண்களின் அடுப்படிக்கும் வருகிறது. கிறித்தவம் இந்த மரபை அழித்தது என்பதும் கிறித்தவமே இதைத் தந்தது என்பதும் ஒருசேரப் பொருந்தாமல் போகும் இடம் இது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கைப்பிடி அரிசியின் பெரும்பங்கு நற்செய்திப் பணிக்கே சென்றது. ஏழையர் பங்கு அதில் ஒரு கூறு. புதிய சமயத்தின் வரவோடு பெருவிருந்துகள் மறைந்தன, மதுவோடு கலந்த பழைய விழாக்களும் மறைந்தன. சால்புக் 1930-களில் முடிவுக்கு வந்தது. இழப்பை உணர்ந்தவர்களாலேயே 1935-இல் இளையோர் சங்கம் ஒன்று ஐசாலில் தோற்றுவிக்கப்பட்டது. இன்று இளைய மிசோ சங்கம் என்று பெயர்பெற்ற அவ்வமைப்பு குழி வெட்டுவது முதல் பேரிடர் மீட்புவரை த்லோம்ஙாய்னாவின் பெயராலேயே இயங்குகிறது. கைப்பிடி அரிசி மௌதாமுக்கு ஈடு கொடுக்கும் அளவுடையதும் அன்று. 1959-இல் பஞ்சம் திரும்பியபோது நிவாரணத்துக்கென எழுந்த மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961-இல் அரசியல் கட்சியாகி, 1966-இல் ஆயுதப் போராட்டத்தில் இறங்கியது. பசித்தவனுக்குச் சோறிடும் பொறுப்பு யாருடையதோ அவரிடமே அதிகாரமும் போய்ச் சேரும் என்பதைப் பழைய இன்புய்த் தலைவர்கள் அறிந்திருந்தனர். புதுதில்லியும் ஷில்லாங்கும் அதைத் தாமதமாக அறிந்தன.

அறப்பணியின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கொடுத்தவரின் ஆவணங்களையே வாசிக்கிறோம். மறைமாவட்ட அறிக்கை, நிர்வாகக் கோப்பு, நன்கொடைப் பட்டியல். எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை அவை எண்ணிச் சொல்லும். எத்தனை பேர், என்ன கொடுத்து, எந்த நிலையில் வெளியே போனார்கள் என்ற பத்தி அவற்றில் அரிதாகவே இருக்கும். திருச்சபையின் விடுதியாயினும், மடத்தின் அன்னசத்திரமாயினும், அரசின் நிவாரண முகாமாயினும், தன்னார்வ நிறுவனத்தின் காப்பகமாயினும், அந்த விடுபட்ட பத்தியையே முதலில் தேட வேண்டும் என்பதைப் போயி என்ற இச்சிறு சொல்லின் வழக்கு எனக்குக் கற்பித்தது. உங்கள் ஆய்வுப் பகுதியில் இத்தகைய சொற்கள் இருப்பின், அவற்றின் உள்வகைப் பெயர்களோடு இங்கே பகிர்ந்தால் ஒப்பிட்டு நோக்க உதவும்.